பாராட்டே வினையான ஸ்பெல்பிரேக்

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் பப்ஜி மொபைலும் இருந்தது. அன்று ராத்திரி எத்தனை வீடுகளில் பையன்கள் சாப்பிடாமல் படுத்தார்கள், எத்தனை அம்மாக்கள் சாமிக்கு விளக்கேற்றினார்கள் என்பதெல்லாம் தனிக்கதை. மறுநாள், செப்டம்பர் 3 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஸ்டுடியோ ஒன்று புதிய பேட்டில் ராயல் கேமை, அதாவது நிறையப் பேர் இறங்கி, சுருங்கும் வட்டத்துக்குள் அடித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயிக்கிற வகை ஆட்டத்தை, வெளியிட்டது. அதில் துப்பாக்கி என்று பேருக்குக்கூட ஒன்றும் கிடையாது, எல்லாம் மந்திரம். விலையும் கிடையாது. பெயர் ஸ்பெல்பிரேக்.

நம் ஊரில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச் என்று நான்கிலும் ஒரே நாளில் வந்தது, போனுக்கு மட்டும் வரவில்லை. போன் இல்லையென்றால் இந்தியாவில் பேட்டில் ராயல் ஏது? பப்ஜியை இழந்த கூட்டம் அப்படியே ஃப்ரீ ஃபயர் பக்கம் சாய்ந்தது. அதையும் 2022 பிப்ரவரியில் தடை செய்தார்கள்.

வெளிநாட்டு கேம் பத்திரிகைகளில் நிலைமை வேறு. விமர்சனங்கள் அடுத்தடுத்து வந்தன, பெரும்பாலும் நல்லவிதமாகவே வந்தன. பத்துக்கு ஏழு, எட்டு என்கிற வட்டாரத்தில் மதிப்பெண்கள். ‘இந்த வகையில் இனிமேல் புதிதாக என்ன செய்துவிட முடியும்’ என்று விமர்சகர்கள் சலித்துப்போயிருந்த நேரம் அது. 2017-இல் பப்ஜியும் ஃபோர்ட்நைட்டும் கிளப்பிவிட்ட அலையில் ஆளாளுக்கு ஒரு வட்டத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஸ்பெல்பிரேக் நிஜமாகவே தனியாகத் தெரிந்தது. ஆனால் 2022 ஜூனில் மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. 2023 ஜனவரியில் சர்வர்களை அணைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம், நாலு மாசம்தான் ஆயுசு.

நல்ல கேம் ஓடவில்லை என்றால் நாம் வழக்கமாகச் சொல்கிற காரணங்கள் இரண்டு. ஒன்று, விளம்பரம் பத்தவில்லை. இன்னொன்று, ஜனங்களுக்கு ரசனை இல்லை. ஸ்பெல்பிரேக் விஷயத்தில் இரண்டையும் நான் ஏற்கவில்லை. விமர்சகர்கள் எதையெல்லாம் தூக்கிவைத்துப் பாராட்டினார்களோ, அதுதான் புது ஆட்களை விரட்டியது என்பது என் கட்சி.

முதலில் அந்தச் சண்டை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் தொடங்கும் முன் ஆறு வகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெருப்பு, பனி, மின்னல், விஷம், கல், காற்று. தேர்ந்தெடுத்த வகுப்பின் கையுறை ஒரு கையில் மாட்டியிருக்கும். இன்னொரு கைக்கு வேறொரு கையுறையைத் தரையில் தேடி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கையுறைக்கும் இரண்டு மந்திரங்கள். ஒன்று அடிக்கடி வீசலாம். இன்னொன்று பெரியது, வீசினால் திரும்ப வருவதற்குச் சில நொடி காத்திருக்க வேண்டும். இதுவரைக்கும் சாதாரணம். இரண்டு மந்திரங்கள் ஒன்றோடொன்று உரசும்போதுதான் விஷயமே இருக்கிறது.

உதாரணத்துக்கு, உங்கள் இடது கையில் விஷம், வலது கையில் நெருப்பு. எதிராளி பாறைக்குப் பின்னால் நிற்கிறான். விஷப்புகையை அங்கே எறிகிறீர்கள், பச்சையாகப் பரவுகிறது. அதன்மேல் ஒரு நெருப்புருண்டையை விட்டால் புகை முழுக்கப் பற்றி வெடிக்கிறது. ஆனால் அவன் சும்மா நிற்க மாட்டான். அவனிடம் காற்று இருந்தால் சுழல்காற்றை உங்கள் பக்கம் திருப்புவான். அந்தச் சுழல் போகிற வழியில் உங்கள் நெருப்பையே வாரிக்கொண்டு, எரியும் சூறாவளியாக உங்கள்மேல் வரும். நீங்கள் போட்ட நெருப்பில் நீங்களே வேக வேண்டியதுதான். பனி தரையில் பாதை போடும், பனி வகுப்புக்காரன் அதில் வழுக்கிக்கொண்டே பறப்பான். மின்னல் விஷப்புகைக்குள் பாய்ந்தால் புகை முழுக்க மின்சாரம். கல் வகுப்பின் அதிர்வலை தரையோடு தரையாகத்தான் வரும், அதனால் அவன் கை ஓங்கினதுமே எல்லோரும் அந்தரத்தில் எழும்புவார்கள்.

எழும்புவதற்கு யாருக்கும் தனி அனுமதி தேவையில்லை. எந்த வகுப்பாக இருந்தாலும் குதித்து அந்தரத்தில் மிதக்கலாம். ஆனால் மிதப்பதற்கும் மந்திரம் வீசுவதற்கும் மானா என்கிற ஒரே கையிருப்புதான். மிதந்துகொண்டே இருந்தால் அடிக்கச் சக்தி இருக்காது. அடித்துக்கொண்டே இருந்தால் தரையில் மாட்டுவீர்கள். இது போதாதென்று ரூன் வேறு. பறப்பது, இடம் மாறுவது, மறைவது, பாய்வது என்று அதில் பல ரகம், ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இத்தனையும் சேர்ந்து வானத்தில் நாலு பேர் பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று வாரி இறைத்துக்கொண்டு சண்டை போடுவதைப் பார்க்கும்போது கண்ணுக்கு விருந்துதான். கார்ட்டூன் சாயலில் வரைந்த காட்சிகள். நின்டெண்டோவின் பிரெத் ஆஃப் தி வைல்டு சாயல் என்று பலரும் ஒப்பிட்டார்கள். தப்பான ஒப்பீடு இல்லை.

இதை எல்லா விமர்சகர்களும் பார்த்தார்கள், சரியாகவும் எழுதினார்கள். மந்திரங்கள் கலக்கிற விதம், நகர்வின் வேகம், துப்பாக்கி இல்லாமலேயே சண்டைக்குக் கிடைத்த ஆழம், திறமைக்கு மதிப்பு, மூலையில் பதுங்கிக் கிடப்பவனுக்கு இடமில்லாமை. பாராட்டின் சாரம் இதுதான். குறை சொன்ன இடங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். வரைபடம் வெறிச்சோடிக் கிடக்கிறது, செய்வதற்குப் பெரிதாக வேறொன்றும் இல்லை, சில வகுப்புகள் மற்றவற்றைவிடப் பலமாக இருக்கின்றன, ஸ்விட்ச்சில் படம் மங்கலாக இருக்கிறது. குறைகளைக் கடைசி இரண்டு பத்தியில் சொல்லிவிட்டு, ‘ஆனாலும் ஆடிப் பாருங்கள், காசா பணமா’ என்கிற தொனியில் முடித்துவிடுவார்கள்.

இப்போது ‘பதுங்குபவனுக்கு இடமில்லை’ என்கிற பாராட்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

என் சித்தி பையன் பப்ஜியிலேயே வளர்ந்தவன். தடை வந்த பிறகு வீட்டுக்கு வந்திருந்தபோது என் கம்ப்யூட்டரில் ஸ்பெல்பிரேக்கைப் போட்டுக் கொடுத்தேன். இறங்கினதும் அவன் கேட்ட முதல் கேள்வி:

“அண்ணே, படுக்குற பட்டன் எது?”

“இதுல படுக்க முடியாதுடா.”

“அப்புறம் எப்படி ஒளியறது?”

நான் பதில் சொல்வதற்குள் எவனோ ஒருவன் மேலேயிருந்து இறங்கி இவனைச் சுருட்டிவிட்டுப் போய்விட்டான். இரண்டாவது ஆட்டத்திலும் அதே கதை. மூன்றாவதில் கொஞ்சம் தாக்குப்பிடித்தான், பனி ஈட்டி ஒன்றைக்கூட எய்தான். அது எதிராளிக்கு ரெண்டடி தள்ளிப் போனது. “நல்லாத்தாண்ணே இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவன் அப்புறம் அதைத் திறக்கவே இல்லை. நல்லாயிருக்கு என்று அவன் சொன்னது பொய்யில்லை. பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆடினவன் பாடுதான் வேறு.

பப்ஜி மாதிரி ஆட்டத்தில் ஒன்றுமே தெரியாதவனுக்கும் ஒரு பிழைப்பு உண்டு. எரங்கல் வரைபடத்தில் ஏதோ ஒரு வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், நூறு பேரில் கடைசி இருபதுக்குள் வந்துவிடலாம். எவனாவது கதவைத் திறந்தால் ஷாட்கன்னால் ஒரே அடி. திறந்தவன் ஆயிரம் மணி நேரம் ஆடினவனாக இருக்கலாம், அந்த ஒரு நொடியில் அவனும் இவனும் சமம். தலையில் படுகிற ஒரு குண்டு எல்லா வித்தியாசத்தையும் அழித்துவிடும். கற்றுக்குட்டி அந்த ஒரு கொலையை வைத்து ஒரு வாரம் பெருமை பேசுவான், அடுத்த வாரமும் வந்து ஆடுவான். கைதேர்ந்தவர்கள் இதைப் பார்த்து எரிச்சல்படுவார்கள். ஆனால் அவர்களுக்கு அடிவாங்க ஆள் கிடைப்பதே இந்த அதிர்ஷ்டத்தால்தான்.

ஸ்பெல்பிரேக்கில் அந்த அதிர்ஷ்டத்துக்கு வழியே வைக்கவில்லை. மந்திரங்கள் பெரியவை, வண்ணமயமானவை, கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் வருபவை. பார்த்தால் விலகலாம், விலகினால் திருப்பி அடிக்கலாம். தலைக்குறி என்று ஒன்று கிடையாது. ஒரே அடியில் யாரும் சாக மாட்டார்கள். கவசத்தை உடைத்து, உயிரைக் குறைத்து, தப்பிக்க ஓடுகிறவனை வானத்தில் துரத்தி, மானா தீருவதற்குள் முடிக்க வேண்டும். அதாவது ஒரே சண்டைக்குள் பத்துப் பதினைந்து முடிவுகள். ஒன்றிரண்டில் அதிர்ஷ்டம் அடித்தாலும் மொத்தத்தில் தேர்ந்தவன்தான் ஜெயிப்பான், கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும். விமர்சனத்தில் இதற்குப் பெயர் ஆழம், நேர்மை. முந்தாநாள் டவுன்லோடு செய்தவனுக்கோ தினமும் அதே ஆளிடம் அடிவாங்குகிற அனுபவம்.

ஆள் நிறைய இருந்தால் இதற்கும் மருந்து உண்டு. புதியவனைப் புதியவனோடு சேர்த்துவிடலாம். ஆனால் ஆள் குறையக் குறைய, யாரை யாரோடு மோதவிடுவது என்று தீர்மானிக்கிற மேட்ச்மேக்கிங் யார் கிடைத்தாலும் சரி என்று அள்ளிப்போடும். தோற்றவன் போவான், தேர்ந்தவன் தங்குவான், நாளைக்கு வருகிறவன் இன்னும் கடுமையான கூட்டத்தில் விழுவான். ஒருமுறை இந்தச் சுழலுக்குள் மாட்டின ஆட்டம் மீள்வது ரொம்ப அபூர்வம்.

அடுத்தது, வெறிச்சோடிய வரைபடம். ஹாலோ லேண்ட்ஸ் என்று பெயர். இடிந்த கோட்டைகள், பச்சைப் புல்வெளி, தூரத்தில் மலை. அழகுதான், ஆனால் ஒரு சண்டையிலிருந்து இன்னொரு சண்டைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லா விமர்சனங்களிலும் இது சின்னக் குறையாக வந்துபோனது. துப்பாக்கி ஆட்டங்களிலும் வரைபடம் காலிதானே, அங்கே மட்டும் ஏன் அலுக்கவில்லை? அங்கே அமைதிக்கு ஒரு பயம் உண்டு. எந்த ஜன்னலிலிருந்தும் ஒரு குண்டு வரலாம், வந்தால் கதை முடிந்தது. ஆகவே ஒன்றுமே நடக்காத ஐந்து நிமிஷத்திலும் கை வேர்த்துக்கொண்டே இருக்கும். ஸ்பெல்பிரேக்கில் முதல் அடி பட்டாலும் சுதாரித்துக்கொள்ள நேரம் இருக்கிறது என்று தெரியும். பயம் போய்விட்டால் புல்வெளி வெறும் புல்வெளிதான். சண்டையை நேர்மையாக்கின அதே விதி நடையை அலுப்பாக்கியது. பாராட்டுக்கும் புகாருக்கும் மூலம் ஒன்றே என்பதை எடுத்துச் சொன்ன ஒரு விமர்சனத்தை நான் படித்த வரையில் பார்க்கவில்லை.

விமர்சகர்களை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மனசில்லை. அவர்களுக்குக் கிடைப்பதே வெளியான வாரம்தான். அந்த வாரத்தில் எல்லோரும் புதியவர்கள், எல்லோரும் சமமாகத் தடுமாறுகிறார்கள், ஆட்டத்துக்குக் காத்திருக்கும் க்யூவில் ஆள் நிரம்பி வழிகிறது. ஆன்லைன் ஆட்டத்தை அந்த வாரத்தை வைத்து மதிப்பிடுவது, கல்யாண விருந்தைச் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டு அன்றாடச் சமையலுக்கு மார்க் போடுகிற மாதிரி. அது மட்டுமில்லை, கேம் விமர்சகர் என்பவர் தொழிலாகவே ஆடுகிறவர். நாலு நாளில் மந்திரக் கலவை பிடிபட்டுவிடும். ஆபீஸ் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் தூங்குகிறவனின் கை அவருக்கு இருக்காது.

இந்தச் சிக்கல் ஸ்பெல்பிரேக்கோடு வந்ததும் இல்லை. 2013-இல் நகரம் கட்டும் கேமான சிம்சிட்டி வெளியானபோது பாலிகான் என்கிற கேம் விமர்சனத் தளம் முதலில் பத்துக்கு 9.5 கொடுத்தது. சர்வர்கள் படுத்ததும் 8 ஆக்கியது, அப்புறம் 4, கடைசியில் 6.5. அன்று எல்லோரும் அவர்களைக் கிண்டலடித்தார்கள். எனக்கென்னவோ அந்த நான்கு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு ஆன்லைன் கேமின் உண்மையான விமர்சனம் என்று படுகிறது. ஆனால் அப்படித் திரும்பத் திரும்ப வந்து எழுத யாருக்கு நேரம்? விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் சராசரியோ முதல் வாரத்தில் உறைந்தது உறைந்ததுதான்.

மந்திரம் என்ற யோசனையிலேயே கோளாறா என்றால், அப்படியும் இல்லை. 2018 ஜூனில் ரியல்ம் ராயல் என்கிற பேட்டில் ராயல், கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வந்தது. வகுப்புகள், மந்திரத் திறன்கள், ஆயுதம் வார்க்கும் உலைகள் எல்லாம் அதிலும் உண்டு. அடிபட்டு விழுந்தால் கோழியாக மாறிவிடுவீர்கள். கொக்கரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடித் தப்பித்தால் திரும்ப மனிதராகலாம். தோற்கிறவனையும் சிரிக்கவைக்கிற அருமையான யோசனை அது. வந்த மாதத்திலேயே ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேர் வரை ஆடினார்கள். அது காலியானதற்குக் காரணம் வேறு. அடுத்தடுத்த அப்டேட்களில் ஆட்டத்தின் அடிப்படையையே கலைத்துக் கலைத்துப் போட்டார்கள். பிடித்து வந்தவர்களுக்குப் பிடித்தது எதுவும் மிஞ்சவில்லை. இருந்தாலும் அந்தக் கோழியை நினைத்தால், ஸ்பெல்பிரேக்கில் தோற்றவனுக்கு ஆறுதலாக அப்படி ஒரு சின்ன விஷயம்கூட இல்லையே என்று தோன்றும்.

வேகமும் திறமையும் கேட்கிற ஆட்டம் என்றால் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் அதே ஜாதிதானே என்று கேட்கலாம். 2019 பிப்ரவரியில் வந்த அது முதல் வாரத்திலேயே இரண்டரைக் கோடி பேரைத் தொட்டது. அங்கேயும் புதியவன் அடிவாங்குவான். ஆனால் துப்பாக்கி எல்லோருக்கும் பழக்கமான சாமான், கையில் எடுத்ததுமே என்ன செய்வதென்று தெரியும். செத்தாலும் கூட்டாளி உங்களைத் திரும்பக் கொண்டுவரலாம். மைக் இல்லாதவனும் ஒரு பட்டனை அழுத்தி ‘அங்கே எதிரி’ என்று காட்டலாம். விமர்சகர்கள் அந்தப் பட்டனைச் சிலாகித்துப் பக்கம் பக்கமாக எழுதினார்கள், அது நியாயம். புதியவனையும் கூட்டத்தில் ஒருவனாக்கியது அந்தப் பட்டன்தான்.

ஸ்பெல்பிரேக்கை உருவாக்கிய புரோலிட்டேரியட் ஸ்டுடியோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வெளியான சில மாதங்களிலேயே 9 பேருக்கு 9 பேர் மோதும் கிளாஷ் என்கிற ஆட்டமுறையைக் கொண்டுவந்தார்கள். செத்தால் உடனே திரும்ப வரலாம், ஓடித்திரிய வேண்டாம். 2020 டிசம்பரில் ஸ்டீமுக்கும் வந்தார்கள், கதையம்சத்தோடு அத்தியாயங்களைத் தொடங்கினார்கள். பிறகு 5 பேருக்கு 5 பேர் என்று டொமினியன் வந்தது. இவை விமர்சகர்கள் சுட்டிய ‘வேறொன்றும் செய்வதற்கில்லை’ என்கிற குறைக்கான மருந்துகள். நல்ல மருந்துதான், வியாதி வேறாக இருந்தது. அதோடு, இருக்கிற கொஞ்சம் பேரை மூன்று நான்கு க்யூவாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் காத்திருப்புத்தான் கூடும்.

காலமும் கைகொடுக்கவில்லை. 2020 ஆகஸ்டில் ஃபால் கைஸ் என்கிற கேம் வந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டிருந்தது. அமாங் அஸ் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. செப்டம்பர் 28 அன்று கென்ஷின் இம்பாக்ட் வந்தது. அதுவும் இலவசம், அதுவும் கார்ட்டூன் சாயல், அதிலும் நெருப்பு, பனி, மின்னல் கலவைகள். அங்கே தோற்கடிக்க எதிரில் மனிதர்கள் இல்லை, அவசரமில்லாமல் தனியாகக் கலந்து கலந்து பார்க்கலாம். மந்திரக் கலவையை ரசிப்பவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அதே 2020 ஆகஸ்டில் யூபிசாஃப்ட் பெரும் பணத்தோடு இறக்கின ஹைப்பர் ஸ்கேப் 2022 ஏப்ரலில் மூடப்பட்டது. அதுவும் வேகம், தாவல், திறமை என்று போன ஆட்டம். அதைப் பற்றி அவ்வளவு வருத்தம் எனக்கில்லை.

2022 ஜூனில் மூடல் அறிவிப்பு வந்த கையோடு, புரோலிட்டேரியட்டைப் பிளிசார்டு வாங்கிவிட்டது என்கிற செய்தியும் வந்தது. சுமார் நூறு பேர் கொண்ட குழு பிளிசார்டின் ஆன்லைன் கேமான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வேலைக்குப் போனது. அந்த வருஷக் கடைசியில் அங்கே தொழிற்சங்கம் அமைக்க ஒரு முயற்சி நடந்து, அடுத்த மாதமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். புரோலிட்டேரியட் என்றால் பாட்டாளி வர்க்கம், ஸ்டுடியோவுக்கு அப்படிப் பெயர் வைத்தபோது இதையெல்லாம் நினைத்திருப்பார்களோ என்னவோ. 2024 மார்ச்சில் வார்கிராஃப்ட்டுக்குள்ளேயே பிளண்டர்ஸ்டார்ம் என்று ஒரு பேட்டில் ராயல் வந்தது. கடற்கொள்ளையர் வேஷம், தரையில் திறன்களைப் பொறுக்கி எடுத்து அடித்துக்கொள்ள வேண்டும், அறுபது பேர். அதில் தோற்றாலும் கொள்ளையடித்ததற்குத் தக்கபடி பரிசுகள் சேர்ந்துகொண்டே போகும்.

ஸ்பெல்பிரேக்கை மூடும்போது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு சமூகப் பதிப்பை இலவசமாக விட்டுவிட்டுப் போனார்கள். நீங்களே சர்வர் ஓட்டிக்கொள்ளலாம், நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாராவது கூட இருந்தால் நல்லது. தெரியாத கூட்டத்தில் போய் விழாதீர்கள், இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஒரே மாதிரித் தடுமாறுகிற நாலைந்து பேர் சேர்ந்து ஆடுங்கள், விமர்சகர்கள் முதல் வாரத்தில் எதைப் பார்த்து மயங்கினார்கள் என்று அப்போது தெரியும். முதல் ஆட்டத்துக்கு நெருப்பை எடுங்கள். காற்றும் பனியும் கை பழகின பிறகு பார்த்துக்கொள்ளலாம்.